மலேரியா இல்லாதவளுக்கு மலேரியா மாத்திரை

ஏ தாயி, கொஞ்சம் தள்ளி உக்காரு. இந்தப் பஸ்ஸு மதுரைதான? கண்டக்டர்ட்ட ரெண்டு தடவ கேட்டாச்சு. "போர்டுல போட்டிருக்குல்ல"ங்கிறான். போர்டுல போட்டிருக்குன்னு எனக்கும் தெரியும். என்ன போட்டிருக்குன்னுதான் தெரியல.

உடனே கண்ணு தெரியாத பொம்பளன்னு நெனச்சிராத. எனக்கு எல்லாம் தெரியும். இந்தா, ஒன் காது ரெண்டும் தெரியுது. சின்னதா தொங்கட்டான் போட்டிருக்க. தோள்ல பச்ச துப்பட்டா. பச்சதான? நீலமா? சரி, ஏதோ ஒன்னு. ஒன் மூஞ்சி மட்டுந்தான் இல்ல. எங்க பாக்கணும்னு நெனைக்கிறேனோ அந்த எடத்த மட்டும் யாரோ ரப்பர் வச்சு அழிச்ச மாதிரி இருக்கும். சுத்தியுள்ளது அம்புட்டும் அப்பிடியே இருக்கும். ரோட்டுல போற ஆட்ட நேராப் பாத்தா ஆடு இருக்காது. வேப்பமரத்தப் பாத்தோம்னா ஓரத்துல ஆடு நிக்கும். இப்பிடித்தான் ஆறு மாசமாப் பொழைப்பு ஓடுது.

எதனாலன்னு கேப்ப. எல்லாரும் கேக்காக. எங்க நாத்தனா சந்தனமாரிட்டக் கேட்டா, மாத்திரையாலன்னுவா. என்கிட்டக் கேட்டா, சந்தனமாரியாலன்னுவேன்.

எம் பேரு சீனித்தாய். சாத்தூர்ல வெள்ளக்கர ரோட்டுல வந்து டைலர் சீனித்தாய்னு கேளு, சின்னப்பிள்ள கூட வழி காட்டும். இருபத்தாறு வருசமா ஜாக்கெட்டு தைக்கிறேன். அளவு ஜாக்கெட்டே வேண்டாம், ஆள் நடந்து வாரதப் பாத்தே அளவு சொல்லீருவேன். எங்க வீட்டுக்காரரு சேவுக் கடையில மாஸ்டரு. அவுக எண்ணெச் சட்டி முன்னாடி, நான் மெசினு முன்னாடி. ரெண்டு பேருக்கும் கைதான் மூலதனம்.

அந்தக் கைக்குத்தான் வந்துச்சு கேடு. பதிமூணு வருசம் இருக்கும். காலையில எந்திரிச்சா விரலு பத்தும் பழுத்த மொளகாப் பழம் மாதிரி வீங்கிக் கெடக்கும். மடக்க முடியாது, நீட்ட முடியாது. கத்திரியப் பிடிச்சா கண்ணுல தண்ணி வந்துரும். பத்து மணி ஆனாத்தான் கொஞ்சம் எளகும். நானும் என்னத்தத்தான் தேய்க்கல! கற்பூர எண்ணெ தேச்சேன், உப்பு ஒத்தடம் குடுத்தேன். கோயில்பட்டியில ஒருத்தர் ஊசி போட்டாரு, ஊசி போட்ட எடமும் சேந்து வீங்குனதுதான் மிச்சம்.

கடைசியில விருதுநகர்ல ஒரு டாக்டரம்மா. மூட்டுக்குன்னே படிச்சவுக. ரத்தம் எடுத்துப் பாத்துட்டு, "இது வாதம்மா, ஒடம்பே ஒடம்பச் சண்டைக்கு இழுக்குது"ன்னாக. எங்க குடும்பம் மாதிரின்னு நெனச்சுக்கிட்டேன். மாத்திரை எழுதிக் குடுத்தாக. அதுல ஒன்ன செல்வக்கனி மெடிக்கல்ல காட்டுனா, அவன் சிரிக்கான். "அக்கா, இது மலேரியா மாத்திரை, குளோரோகுயின். ஒங்களுக்கு எப்ப குளிர் காய்ச்சல் வந்துச்சு?"ன்னான்.

விட்டேனா? மறு பஸ்ஸுல டாக்டரம்மாட்டப் போய் நின்னேன். "கொசு கடிக்குக் குடுக்கிற மாத்திரைய எனக்குக் குடுத்திருக்கீக, ஆள மாத்தி எழுதீட்டீகளா?"ன்னு கேட்டேன். அந்தம்மா கோவிக்கல. "இது ரொம்பப் பழைய மருந்தும்மா. மலேரியா கிருமியக் கொல்லுறதுக்குன்னு வந்ததுதான். எத்தனையோ லட்சம் உசுரக் காப்பாத்தியிருக்கு. பட்டாளத்துக்காரங்களுக்கு இந்த மாதிரி மருந்தக் குடுத்தப்ப, காய்ச்சலோட சேத்து மூட்டு வீக்கமும் வத்துச்சு. அதப் பாத்துத்தான் ஒங்கள மாதிரி ஆளுகளுக்கும் குடுக்க ஆரம்பிச்சாங்க. மெதுவாத்தான் கேக்கும், மூணு மாசம் பொறுங்க"ன்னாக.

பொறுத்தேன் தாயி. கசப்புன்னா கசப்பு அப்பிடி ஒரு கசப்பு. நாக்குல பட்டா மத்தியானச் சோறு வரைக்கும் கசக்கும். ஆனா மூணாவது மாசம் ஒரு நாள் காலையில பல்லு வெளக்கிக்கிட்டு இருக்கேன், பிரஷ்ஷ எந்தக் கையில பிடிச்சிருக்கேன்னு பாக்கேன். வலது கையி! ஒன்றரை வருசமா இடது கையில வெளக்குனவ. அங்கேயே அழுதிட்டேன். எங்க வீட்டுக்காரரு பல்லுல ரத்தம் வருதாக்கும்னு ஓடி வந்தாரு.

அதனால அந்த மாத்திரைய யாரும் கொற சொன்னா எனக்குப் பிடிக்காது. எனக்குக் கையக் குடுத்த சாமி அது.

டாக்டரம்மா ஒரே ஒரு தப்புப் பண்ணுனாக. போகும்போதும் வரும்போதும் ஒரே பல்லவி. "ஒரு நாளைக்கு ஒன்னுதான், கூடாது. ஆறு மாசத்துக்கு ஒருக்கா என்கிட்ட வரணும். வருசத்துக்கு ஒருக்கா மதுரையில கண்ணப் பாத்து எழுதி வாங்கிட்டு வரணும். இந்த மருந்து சில பேருக்குக் கண்ணுக்குப் பின்னாடி போய்ப் படியும்." நீயே சொல்லு. வலி கையில. மாத்திரை போறது வயித்துக்கு. கண்ணுக்கு எங்கருந்து வழி? நான் ஜாக்கெட்டு தைக்கிறவ. கழுத்துல துணி கொறஞ்சா கைக்குக் கேடு வராதுன்னு எனக்குத் தெரியாதா? கண்ணாசுபத்திரிக்கு ஆள் பிடிச்சு விடுறாக போலன்னு நெனச்சேன். டாக்டரம்மாட்ட ரெண்டு தடவ போனேன், அதோட போறதையே விட்டுட்டேன். எதுக்குப் போகணும்? சீட்டு என்கிட்ட இருக்கு. செல்வக்கனி கடை பக்கத்துல இருக்கு. அந்தச் சீட்டக் கொண்டு போய் பிளாஸ்டிக் ஒட்டி வாங்கி வச்சுக்கிட்டேன், கிழியக் கூடாதுன்னு. பதினோரு வருசம் கிழியவே இல்ல!

இந்த நேரத்துலதான் சந்தனமாரி வந்து ஒட்டுனா. எங்க வீட்டுக்காரர் தங்கச்சி. அவளுக்கும் அதே மாதிரி விரலு வீங்குச்சு. நான் ஒரு சட்டை வாங்குனா அவளும் வாங்குவா, நோயக் கூட விட்டு வைக்கல. சரின்னு நான்தான் கூட்டிட்டுப் போனேன் விருதுநகருக்கு. அதே மாத்திரை, அதே பல்லவி. நன்றி இருக்கணும்ல? இருந்துச்சா?

சொன்னத அப்பிடியே செய்வா அவ. பள்ளிக்கூடத்துல மொத பெஞ்சுல உக்காந்திருப்பா போல. ஒன்னுன்னா ஒன்னு. வருசா வருசம் மதுரைக்குப் போய், கண்ணுல சொட்டு மருந்த விட்டுக்கிட்டு, கருப்புக் கண்ணாடிய மாட்டிக்கிட்டு சினிமாக்காரி கணக்கா பஸ்ஸ விட்டு எறங்குவா. "கண்ணுல என்னடி கோளாறு?"ன்னு தெருவே கேக்கும். "கோளாறு இல்ல, கோளாறு வந்திருக்கான்னு பாக்கப் போனேன்"ம்பா. நான் கடையில உக்காந்து சிரிப்பேன். வீட்டுல திருடன் வந்திருக்கானான்னு தெனமும் போலீஸ் ஸ்டேசன்ல போய்க் கேக்கிற மாதிரி இருக்குன்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சிருக்கேன்.

நானா? தீவாளி, தைப் பொங்கல், கல்யாண மாசம் வந்தா காலையில ஒன்னு ராத்திரி ஒன்னு போடுவேன். வேல ரெண்டு மடங்குன்னா மாத்திரையும் ரெண்டு மடங்கு. மாட்டுக்கு வேல கூட இருந்தா பருத்திக்கொட்ட கூட வைக்கிறதில்லையா? அப்பிடியே பழகி, அப்புறம் எல்லா மாசமுமே ரெண்டுதான். செல்வக்கனி ஒரு தடவ மொனங்குனான். "அடேய், ஒன் பொண்டாட்டிக்குப் பொங்கலுக்கு ஜாக்கெட்டு வேணுமா வேண்டாமா?"ன்னேன். பேசாமக் குடுத்துட்டான்.

ஆறாவது வருசமோ ஏழாவது வருசமோ, சந்தனமாரி மதுரையிலருந்து நேரா என் கடைக்கு ஓடியாரா. மூச்சு வாங்குது. "மதினி, கண்ணுல நடுவுல லேசா ஏதோ மாத்தம் தெரியுதாம். இப்பவே நிறுத்துனாத் தப்பிச்சிரலாம்னு நிறுத்தச் சொல்லிட்டாக. டாக்டரம்மா வேற மாத்திரை குடுத்துட்டாக. மதினி, நீங்க எனக்கு முந்தியே ஆரம்பிச்சவுக. நாளைக்கே வாங்க, நான் கூட வாரேன்"ங்கிறா.

எனக்கு வந்துச்சே கோவம். "அடியே, ஒனக்கு ஒத்துக்கலன்னா எனக்கும் ஒத்துக்காதா? நான் ஊசியில நூலு கோக்கிற வேகத்துல நீ இட்லிக்கு மாவு கூட ஊத்த மாட்ட. என் கண்ணு மேல கண்ணு வைக்காத"ன்னு வெரட்டி விட்டுட்டேன். பொறவும் வருசத்துக்கு ஒருக்கா வந்து கூப்பிடுவா. நானும் வருசத்துக்கு ஒருக்கா வெரட்டுவேன். தேர்த் திருவிழா மாதிரி அது ஒரு மொறையாப் போச்சு.

அப்புறம் கொஞ்சங் கொஞ்சமா ஊருல எல்லாமே கெட்டுப் போச்சு தாயி. பேப்பர்ல எழுத்து விட்டு விட்டு அச்சடிக்க ஆரம்பிச்சிட்டான். ஊசிக் காத சின்னதாக்கிட்டான் கம்பெனிக்காரன். இந்த எல்இடி லைட்டு வந்ததுலருந்து நூலுக்குக் கலரே ஒட்ட மாட்டேங்குது. நான் சொன்னா யாரு கேக்கா? நூலு கடையில போய்ச் சண்டை போட்டேன், லைட்ட மூணு தடவ மாத்துனேன். எங்க வீட்டுக்காரரு, "லைட்டு நல்லாத்தான இருக்கு"ன்னாரு. எண்ணெப் பொகையில அவருக்குக் கண்ணு மங்கிப் போச்சு, பாவம்.

போன தை மாசம் மளிகைக்கடை ஞானசுந்தரி மகளுக்குக் கல்யாணம். ரெண்டு பட்டு ஜாக்கெட்டு. முகூர்த்தத்துக்கு நேவி புளூ, பொண்ணழைப்புக்கு ராமர் பச்ச. ரெண்டையும் ஒரே நாள்ல வெட்டி, ஒரே நாள்ல தச்சு, கொக்கி வச்சு, அயர்ன் பண்ணிக் குடுத்துவிட்டேன். முகூர்த்தத்துக்கு மொத நாள் உச்சி வெயில்ல ஞானசுந்தரி ஆட்டோவுல வந்து எறங்குறா. கையில ரெண்டு ஜாக்கெட்டு.

"சீனி, இது என்னது?"

"ஜாக்கெட்டு."

"அது தெரியுது. கை என்னது?"

"கை, கைதான்."

"புளூ ஜாக்கெட்டுல ஒரு கை பச்ச. பச்ச ஜாக்கெட்டுல ஒரு கை புளூ. எம் பொண்ணு என்ன சர்க்கஸ்ல சேரப் போறாளா?"

நான் வாங்கிப் பாக்கேன். எனக்கு ரெண்டும் ஒன்னாத்தான் இருக்கு. வெளிய வெயில்ல கொண்டு போய்ப் பாத்தேன், அப்பவும் ஒன்னாத்தான் இருக்கு. ஆனா சும்மா இருக்க முடியுமா? "இப்ப பேசன் அதுதான். மதுரையில எல்லாரும் இப்பிடித்தான் போடுறாக"ன்னேன். அவ கடை வாசல்லயே உக்காந்து ஒப்பாரி வச்சிட்டா. தெருவே கூடிப்போச்சு. அதுல ஒருத்தி சொல்றா, கொக்கி வச்ச பட்டி கூட ரயிலு தண்டவாளம் மாதிரி வளைஞ்சு போகுதாம். பொண்ணு வளைஞ்சு நின்னுருப்பான்னு சொன்னேன். யாரும் சிரிக்கல.

யாரு சொல்லி விட்டாகளோ, சந்தனமாரி வந்துட்டா. கூட்டத்த வெலக்கிக்கிட்டு வந்து ரெண்டு ஜாக்கெட்டையும் வாங்கி ஒரு தடவ பாத்தா. ஞானசுந்தரிட்ட, "அக்கா, ஆறு மணிக்குள்ள மண்டபத்துக்கு வந்துரும், நீங்க போங்க"ன்னா. அப்புறம் என்னப் பாத்து, "மதினி, எந்திரிங்க"ன்னா.

எந்திரிங்கன்னா தாயி. இருபத்தாறு வருசம் நான் உக்காந்த ஸ்டூலு. எங்க வீட்டுக்காரரக் கூட அதுல உக்கார விட்டதில்ல. நான் எந்திரிச்சேன். எதுக்கு எந்திரிச்சேன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியல. அவ உக்காந்து கைய எல்லாம் பிரிச்சா. எங்கிட்டத் தையல் கத்துக்கிட்டவதான் அவ. ஒவ்வொரு நூலா எடுத்து, மாத்தி வச்சு, தச்சு முடிச்சா. சத்தத்த வச்சே எனக்குத் தெரியும், எங்க வேகமாப் போறா எங்க நிறுத்துறான்னு. ஒரு எடத்துல கூடத் தப்புப் பண்ணல. அதுதான் எனக்குப் பொறுக்கல.

மறு வாரம் என்ன மதுரைக்கு இழுத்துட்டுப் போனா. எங்க வீட்டுக்காரரும் கட்சி மாறிட்டாரு. கண்ணு டாக்டரு சின்னப் பையன், கொரலக் கேட்டா காலேஜ் முடிக்காத மாதிரி இருக்கு. ஒரு அட்டையக் குடுத்தான், கட்டம் கட்டமாக் கோடு போட்டது.

"நடுவுல இருக்கிற புள்ளிய மட்டும் பாருங்கம்மா. சுத்திக் கோடு நேரா இருக்கா?"

"எந்தப் புள்ளி?"

"நடுவுல."

"நடுவுல ஒன்னுமில்லையே. நீங்க போட மறந்துட்டீகளோ?"

அவன் அட்டைய வாங்கி வச்சுட்டான். கண்ணுக்குள்ள படம் எடுத்தான். என்ன மாத்திரை சாப்பிடுறீகன்னு கேட்டான். எத்தனை வருசம்னு கேட்டான். ஒரு நாளைக்கு எத்தனைன்னு கேட்டான். நான் பெருமையாத்தான் சொன்னேன், ஒரு நாள் கூடத் தவறவிட்டதில்லன்னு. பேனாவக் கீழ வைக்கிற சத்தம் கேட்டுச்சு.

"கண்ணாடி போட்டாச் சரியாயிருமா தம்பி?"

"கண்ணாடி கண்ணுக்கு முன்னாடிதான்மா மாட்டும். ஒங்களுக்குக் கெட்டிருக்கிறது பின்னாடி. போனது திரும்ப வராது. இன்னைக்கே நிறுத்தீருங்க. நிறுத்துனாலும் மருந்து ஒடம்புல ரொம்ப நாள் தங்கும். இருக்கிறதக் காப்பாத்தப் பாப்போம்."

"அப்ப அது வெச மாத்திரையா?"

"இல்லம்மா. நல்ல மருந்து. இன்னைக்கும் குடுக்கிறோம். அளவோட குடுத்து, கண்ணப் பாத்துக்கிட்டே இருந்தா நிறையப் பேருக்கு ஒன்னும் ஆகாது. இந்தா, இவுங்களுக்கு ஆரம்பத்துலயே தெரிஞ்சு போச்சு, நிறுத்திட்டோம்"னு சந்தனமாரியக் காட்டுறான்! என் முன்னாடியே! மொத பெஞ்சுக்காரிக்கு வாத்தியாரு மெடலு குத்துறாரு.

திரும்பி வரும்போது பஸ்ஸுல அவ அழுதுகிட்டே வந்தா. "இன்னும் கொஞ்சம் வம்படியா இழுத்துட்டு வந்திருக்கணும் மதினி"ங்கிறா. "அழாத, ஒனக்குத்தான் கண்ணு நல்லா இருக்கே"ன்னு சொன்னேன். வேற என்ன சொல்றது? ஒரே நோயி, ஒரே டாக்டரு, ஒரே மாத்திரை. அவளுக்குக் கண்ணு இருக்கு, எனக்கு இல்ல. இதுல ஏதோ இருக்குல்ல? எனக்கென்னமோ வருசா வருசம் வந்து கண்ணு கண்ணுன்னு சொல்லிச் சொல்லியே போக வச்சிட்டான்னு தோணுது.

வீட்டுக்கு வந்து ஒரு நாள் மத்தியானம் யாரும் இல்லாதப்ப ஊசியில நூலு கோக்க உக்காந்தேன். நாக்குல நனச்சு, விரலால தடவி, ஊசிக் காத உதட்டுல வச்சுப் பாத்து. எங்க வீட்டுக்காரரு சாயங்காலம் கடையிலருந்து வந்தாரு. அப்பத்தான் நூலு போச்சு. அவர்ட்டச் சொல்லல. அவரும் கேக்கல. டீ போட்டுக் குடுத்தாரு.

இப்ப கடைய அவதான் பாக்கா. நான் பக்கத்துல உக்காந்து கொக்கி வைக்கிறேன், தொட்டுத் தொட்டு. டாக்டரம்மா வேற ஏதோ மாத்திரை எழுதிக் குடுத்திருக்காக, அவளுக்குக் குடுத்த அதே மாத்திரையாம். சந்தனமாரி வாங்கியாந்தா. நான் தொட மாட்டேன்னுட்டேன். ஏன்னு கேளு. கண்ணு போச்சு, சரி. தொட்டுத் தைக்கலாம். விரலும் மடங்கிப் போச்சுன்னா எதத் தொட்டு எதத் தைக்க? பதினோரு வருசம் கைய எனக்குத் திருப்பிக் குடுத்த மாத்திரைய விட்டுட்டு, ஊரு பேரு தெரியாத மாத்திரைய நம்பச் சொன்னா? இவ என்ன செஞ்சா தெரியுமா? சாத்தூர்ல இருக்கிற மெடிக்கல் கடை பூராவும் ஏறி எறங்கி, எங்க மதினிக்கு அந்த மலேரியா மாத்திரையக் குடுத்தா போலீசுக்குப் போவேன்னு சொல்லி வச்சிட்டா.

ஆனா நான் யாரு? நேரா செல்வக்கனிட்டப் போனேன். "அடேய், பதினோரு வருசம் குடுத்த கையி, இப்ப ஏன் நடுங்குது?"ன்னு கேட்டேன். மொதல்ல முடியவே முடியாதுன்னான். மறுநாள் அவனே கூப்பிட்டு விட்டான். "அக்கா, சந்தனமாரி அக்காவுக்குத் தெரியக் கூடாது. காலையில ஒன்னு, ராத்திரி ஒன்னு. சோறு தின்னுட்டுத்தான் போடணும்"னு காதோட சொல்லிக் குடுத்தான். அஞ்சு மாசமா அவ மூக்குக்குக் கீழயே உக்காந்து முழுங்குறேன், அவளுக்கு ஒன்னும் தெரியாது! கண்ணு நல்லா இருந்து என்ன பிரயோசனம்? கம்பெனிக்காரன்தான் ஏதோ மாத்திட்டான். முன்ன வட்டமா இருக்கும், இப்ப நீட்டமா இருக்கு. கசப்பும் கொறஞ்சு போச்சு. கேட்டா, "இப்பல்லாம் அப்பிடித்தான்க்கா வருது"ங்கிறான். என்ன இருந்தாலும் பழைய மருந்து பழைய மருந்துதான். இந்தா, விரலப் பாரு. மடக்குறேன் பாரு, நீட்டுறேன் பாரு. வீக்கம் இருக்கா? அந்தச் சின்ன டாக்டரு பேச்சக் கேட்டு நிறுத்தியிருந்தேன்னா இந்நேரம் நண்டுக் கால் மாதிரி மடங்கியிருக்கும்.

இப்ப என்னன்னா, செல்வக்கனி குலசாமி கும்பிட குடும்பத்தோட போய்ட்டான். கடை நாலு நாளாப் பூட்டிக் கெடக்கு. நேத்து ராத்திரியோட மாத்திரை தீந்துச்சு. அதான் திருமங்கலத்துல எறங்கி, என்னத் தெரியாத கடையில வாங்கலாம்னு கெளம்பிட்டேன். வீட்டுல கேட்டா, துணி எடுக்கப் போறேன்னு சொல்லியிருக்கேன்.

கள்ளிக்குடி தாண்டிருச்சா? அப்ப திருமங்கலம் வந்துருச்சு. தாயி, ஒரு ஒதவி. நீயும் என்கூட ஒரு நிமிசம் எறங்கி வாயேன், அடுத்த பஸ்ஸு பின்னாடியே வந்துரும். நீ படிச்ச பிள்ள, நீ கேட்டா மறு பேச்சுப் பேசாமக் குடுத்துருவான். நான் கேட்டா கண்ணப் பாத்துட்டுக் கேள்வி கேப்பான். பேரு கூட நீ ஞாபகம் வச்சுக்க வேண்டாம், காலி அட்டையக் கொண்டாந்திருக்கேன். செல்வக்கனி குடுத்தது. இந்தா. பின்னாடி வெள்ளி பேப்பர்ல போட்டிருக்கும் பாரு, குளோரோகுயின்னு. வாசி.

என்னது?

சல்பாவா? என்ன சல்பா? நல்லாப் பாரு தாயி. சல்பாசலாசின்னா? அது அந்த டாக்டரம்மா புதுசா எழுதிக் குடுத்த மாத்திரை, நான் தொட மாட்டேன்னு சொன்னது. அது எப்பிடி இதுல இருக்கும்? திருப்பிப் பிடி. வெளிச்சத்துல பிடி. செல்வக்கனி என் கையிலயே குடுத்தான், சந்தனமாரிக்கு இந்த விசயமே தெரியாது.

இன்னுமா சல்பாங்கிற?

குடு இங்க, அட்டையக் குடு. பாவம், வயசுப் பிள்ளைக்கு இப்பிடியா? நான் சொல்றேன்னு கோவிச்சுக்காத தாயி. மதுரையில எறங்குனதும் மொத வேலையா ஒரு எட்டு கண்ணாசுபத்திரிக்குப் போய்ட்டு வா.